நடப்பதா, நிற்பதா: பனிப்பலகையில் என் முதல் இரண்டு குளிர்காலங்கள்

நார்வே மொழியில் இந்தக் கேள்விக்கான விடை வினைச்சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது. பலகை கட்டிக்கொண்டு காட்டுக்குள் நெடுந்தூரம் செல்வதை ‘கோ போ ஷீ’ என்கிறார்கள். பலகையில் நடப்பது என்று பொருள். மலைச்சரிவில் இறங்குவதைப் பற்றிப் பேசும்போது ‘ஸ்தோ போ ஷீ’, அதாவது பலகையில் நிற்பது என்றோ, வண்டிக்குரிய வினையைச் சேர்த்து ‘ஸ்லாலோம் ஓட்டுவது’ என்றோ சொல்வார்கள். ‘ஷீ’ என்பது வெளியுலகம் ‘ஸ்கீ’ என்று உச்சரிக்கும் அதே சொல்தான். பழைய நார்ஸ் மொழியில் அது பிளந்த மரத்துண்டைக் குறித்தது. தமிழில் நாம் இரண்டையும் ‘பனிச்சறுக்கு’ என்று ஒரே சொல்லில் சேர்த்துவிடுகிறோம். ஆஸ்லோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எதை முதலில் கற்பது என்று யோசித்தபோது, ஒரே விளையாட்டின் எளிய வடிவத்துக்கும் கடினமான வடிவத்துக்கும் இடையே தேர்ந்தெடுப்பதாகவே நானும் நினைத்துக்கொண்டேன். இரண்டும் வெவ்வேறு திறன்கள் என்பது, ஒன்றரைக் குளிர்காலம் கழிந்து, கட்டைவிரல் ஒன்றும் வீங்கிய பிறகே எனக்குப் புரிந்தது.

அப்போது எனக்கு வயது 37. திருநெல்வேலியில் பிறந்து வளர்ந்த எனக்கு அதுவரை தெரிந்த குளிரெல்லாம் கொடைக்கானல் குளிர்தான். நவம்பர் இறுதியில் முதல் பனி விழுந்ததும் அலுவலகத்தில் சொல்லிவைத்தாற்போல எல்லோரும் ஒரே அறிவுரையைத் தந்தார்கள்: லாங்ரென்னில் தொடங்குங்கள். பலகையில் நெடுந்தூரம் நடப்பதற்கு, வெளியே கிராஸ் கண்ட்ரி என்று அறியப்படுவதற்கு, இங்கே அதுதான் பெயர். அதற்கு அவர்கள் சொன்ன காரணங்கள் மூன்று. அது இலவசம், அது மெதுவானது, விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. இவற்றில் முதலாவது முழு உண்மை, இரண்டாவது பாதி உண்மை, மூன்றாவது, பனியில்லாத ஊரிலிருந்து வந்து முப்பத்தேழு வயதில் தொடங்குபவரைப் பொறுத்தவரை, உண்மையே அல்ல.

இலவசம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த ஊரைப் பற்றி எனக்கு இன்றும் தீராத வியப்பு அதில்தான் இருக்கிறது. ஆஸ்லோ நகரின் வடக்கு விளிம்பில் குடியிருப்புகள் முடியும் இடத்தில் நூர்மார்கா என்ற காடு தொடங்குகிறது. பண்படுத்தப்படாத நிலத்தில் யாரும் நடக்கலாம், தங்கலாம், பலகையில் செல்லலாம் என்ற பொதுவுரிமை இந்நாட்டில் 1957-ஆம் ஆண்டின் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 1883-இல் தொடங்கப்பட்ட ‘ஷீஃபோரெனிங்கன்’ என்ற சங்கம் இரவோடிரவாக இயந்திரம் ஓட்டி அந்தக் காட்டுப் பாதைகளில் தடம் போட்டு வைக்கிறது. பல பாதைகளில் விளக்குக் கம்பங்களும் உண்டு. டிசம்பரில் ஆறு மணி நேரமே பகல் இருக்கும் ஊரில் அந்த விளக்குகள் இல்லாவிட்டால் வேலைக்குப் போகிறவர்கள் வார நாட்களில் பலகையைத் தொடவே முடியாது. மெட்ரோ ரயிலின் ஒன்றாம் எண் வண்டியில் ஏறினால் கடல்மட்டத்திலிருந்து 469 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃப்ரொக்னர்சேதெரன் என்ற கடைசி நிலையத்தில் இறக்கிவிடும். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் தடம் கையெட்டும் தூரத்தில் தொடங்கும். நுழைவுச்சீட்டு கிடையாது, வாயிற்கதவும் கிடையாது. அந்த வண்டியில் சனிக்கிழமை காலையில் பலகை இல்லாமல் ஏறியவன், திருமண வீட்டுக்குச் செருப்பில்லாமல் போனவனைப் போல உணர்வான்.

சரிவில் இறங்கும் ஸ்லாலோமுக்கு அப்படியல்ல. அதற்கு மலை வேண்டும், மலையில் ஏற்றிவிட லிப்ட் வேண்டும், பனி போதாதபோது தெளிக்கப் பீரங்கி போன்ற இயந்திரம் வேண்டும், இவை அத்தனைக்கும் சேர்த்து ஒரு நாளைக்குச் சில நூறு குரோனர் சீட்டு வேண்டும். பலகை, பூட்ஸ், தலைக்கவசம் ஆகியவற்றின் வாடகை தனி. கணக்கு இப்படியிருக்க, எந்தத் தமிழ்க் குடும்பத்தலைவனும் எடுக்கும் முடிவையே நானும் எடுத்தேன். விளையாட்டுப் பொருட்களைக் கட்டணமின்றி இரவல் தரும் ‘பூவா’ என்ற அமைப்பு இங்கே உண்டு. அங்கிருந்து 190 சென்டிமீட்டர் நீளப் பலகைகளையும், தோள் உயரக் கோல்களையும், ஓட்டப் பந்தயக் காலணியைப் போல மெல்லிதாக இருந்த பூட்ஸையும் வாங்கி வந்தேன். என் உயரம் 170. தன்னைவிட நீளமான பொருளைக் காலில் கட்டிக்கொள்ளும் ஒருவனுக்கு வரவேண்டிய அச்சம் எனக்கு அப்போது வரவில்லை.

முதல் நாள் சோங்ஸ்வான் ஏரிக்குப் போனேன். ஏரியைச் சுற்றிவரும் மூன்று கிலோமீட்டர் சொச்சப் பாதை ஏறக்குறைய மட்டமானது. குழந்தை வண்டி தள்ளுபவர்களும் நாய் கூட்டி வருபவர்களும் அதன் ஓரத்திலேயே நடப்பார்கள். அங்கே நான் கற்ற முதல் பாடம், லாங்ரென் பலகை சும்மா வழுக்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல என்பது. பலகையை மேசைமேல் வைத்துப் பார்த்தால் நடுப்பகுதி வில்போல உயர்ந்து நிற்கும். முனையும் வாலும் எப்போதும் பனியைத் தொட்டு வழுக்கும். நடுப்பகுதி, உடலின் முழு எடையும் ஒரே காலில் அழுந்தும் கணத்தில் மட்டும் பனியைத் தொட்டுப் பற்றிக்கொள்ளும். அந்தப் பற்றைக் கொண்டு பின்னோக்கி உந்தி, மறுகாலில் முன்னே வழுக்க வேண்டும். எனவேதான் பலகையை உயரத்தைவிட எடையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள்: ஆள் கனமாகவும் வில் மென்மையாகவும் இருந்தால் பலகை எப்போதும் பற்றிக்கொண்டே கிடக்கும், ஆள் இலேசாகவும் வில் விறைப்பாகவும் இருந்தால் பற்றவே பற்றாது. என் பலகை எனக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. குறை என்னிடம் இருந்தது. புதிதாகப் பழகும் எல்லோரையும் போலவே எடையை இரண்டு கால்களிலும் சமமாகப் பகிர்ந்து, எதிலும் முழுதாக ஊன்றாமல், சேற்று வரப்பில் வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு போகிறவனைப் போலப் போனேன். வில் அழுந்தவில்லை, ஒவ்வொரு அடிக்கும் பின்னால் வழுக்கினேன். ஏரியைச் சுற்ற இரண்டு மணி நேரம் பிடித்தது, மூன்று முறை விழுந்தேன், அந்த மூன்றும் நின்றுகொண்டிருந்தபோது விழுந்தவை. ஆனாலும் வீட்டுக்கு மகிழ்ச்சியாகவே திரும்பினேன்.

பற்று என்றதும் மெழுகைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பலகையின் அந்த நடுப்பகுதியில் பனியின் வெப்பநிலைக்கேற்ற மெழுகைத் தேய்ப்பதே பழைய முறை. 1946-இல் தொடங்கிய ஸ்விக்ஸ் நிறுவனம் வெப்பநிலைக்கு ஒரு நிறம் என்று வகுத்துவைத்ததால் இங்கே மெழுகுக்கு நிறமே பெயர்: கடுங்குளிருக்கு நீலமும் பச்சையும், பூச்சியத்தை ஒட்டிய நாட்களுக்கு ஊதா, ஈரப்பனிக்குச் சிவப்பு, உருகி மறுபடி உறைந்த பழம்பனிக்குக் குழாயிலிருந்து தேனைப்போல் வழியும் ‘கிலிஸ்தர்’. அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு பேர் நாளைக்கு நீலமா ஊதாவா என்று வாதிடுவதைக் கேட்டால், நம் வீட்டுப் பெரியவர்கள் ஆவக்காய்க்கு எண்ணெய் எவ்வளவு என்று வாதிடுவது நினைவுக்கு வரும். இரண்டிலும் முடிவு எட்டப்படுவதில்லை. தொடக்கத்தில் இந்த வாதத்துக்குள் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. பலகையின் அடியில் ஆட்டுரோமத்தால் ஆன பட்டை ஒட்டிய வகை இப்போது எளிதாகக் கிடைக்கிறது. முன்னோக்கித் தடவினால் வழவழப்பாகவும் பின்னோக்கித் தடவினால் சொரசொரப்பாகவும் இருக்கும். மெழுகு கைவந்தவர்கள் அதைச் சற்று இளக்காரமாகப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

நான்கு வாரங்கள் ஏரியைச் சுற்றிய பிறகு எனக்குத் துணிச்சல் வந்தது. ஜனவரியில் ஒரு ஞாயிறன்று ஃப்ரொக்னர்சேதெரனில் தொடங்கி, காட்டுக்குள் இருக்கும் உல்லவோல்சேத்தர் என்ற விடுதிவரை சென்று, அங்கே வாஃபிளும் சூடான கருந்திராட்சைப் பானமும் முடித்துவிட்டு, சோங்ஸ்வானுக்கு இறங்குவது என்று திட்டம். ஆஸ்லோவாசிகள் குழந்தைகளோடு போய்வரும் வழி அது. விடுதிவரை சிக்கல் ஏதுமில்லை. ஏற்றங்களில் பலகைகளை விரித்து வைத்து, பனியில் மீன்முள் வடிவம் பதிய ஏறும் முறையை அதற்குள் பழகியிருந்தேன். விடுதியிலிருந்து ஏரிவரையிலான ஐந்தாறு கிலோமீட்டர் பெரும்பாலும் இறக்கம் என்பதும் எனக்குத் தெரியும். இறக்கம் என்றால் சுலபம் என்று, மிதிவண்டி ஓட்டி வளர்ந்த மனது எடுத்துக்கொண்டது.

முதல் இறக்கத்தின் பாதியிலேயே வேகம் என் கட்டுப்பாட்டை விட்டுப் போய்விட்டது. முற்பகலில் வெயில் பட்டு இளகிய தடம் பிற்பகலில் மறுபடி உறைந்து கண்ணாடியாகியிருந்தது. பலகைகள் இரண்டும் தடத்தின் இரு பள்ளங்களுக்குள் ரயில் சக்கரங்களைப்போல் பொருந்தி ஓடின. வெளியே எடுக்க வேண்டும் என்று தெரிந்தும் எடுக்கத் துணிவு வரவில்லை. முன்னால் ஒரு தந்தை சிறுமி ஒருத்தியை இழுத்துக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தார். அவர் என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் சிறுமியைத் தூக்கி ஓரத்துக்குப் போய்விட்டார், பாவம், அனுபவசாலி. நான் கோல்களைப் பனியில் குத்தி நிறுத்த முயன்றேன், அதுதான் செய்யக்கூடாதது. கோலின் பட்டை உள்ளங்கையோடு கட்டியிருக்கையில் கையூன்றி விழுந்தால், கோல் கட்டைவிரலைப் புறமாக நெம்பி அதன் அடிமூட்டுத் தசைநாரைக் கிழித்துவிடும். என்னுடையது கிழியாமல் வீக்கத்தோடு நின்றது. மீதித் தூரத்தை நடந்தே கடந்தேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் என்னைத் தாண்டிப் போகையில் ஏதோ ஆறுதல் சொன்னார். அந்த வேகத்தில் அது என் காதில் விழவில்லை.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு விடை பலகையின் ஓரத்தில் இருக்கிறது, குதிகாலில் இருக்கிறது. தடத்தில் ஓடும் லாங்ரென் பலகையின் அகலம் நான்கரை சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதன் ஓரத்தில் எஃகு விளிம்பு கிடையாது. காலணி முன்விரல் பகுதியில் மட்டும் பலகையோடு பூட்டப்பட்டிருக்கும். குதிகால் எழும்ப வேண்டும், இல்லாவிட்டால் நடக்கவே முடியாது. ஆனால் வேகத்தைக் குறைக்க வேண்டுமானால், பலகைகளின் வால்களை விரித்து ஏர்போல் வைத்து, உள்விளிம்பால் பனியைச் சுரண்ட வேண்டும். குதிகால் பிடிப்பில்லாமல், கணுக்காலைத் தாங்காத மென்காலணியோடு, எஃகில்லாத விளிம்பால் உறைந்த தடத்தைச் சுரண்டுவது என்பது நன்கு பழகியவர்களுக்கே உழைப்பு. ஸ்லாலோம் பலகையில் இதெல்லாம் நேர்மாறு. அது குட்டையானது, எனக்கு மூக்குவரை வந்தது, இடைப்பகுதியே ஏழெட்டு சென்டிமீட்டர் அகலம், இருபுறமும் எஃகு விளிம்பு, பூட்ஸ் ஒவ்வொன்றும் ஒன்றரை, இரண்டு கிலோ எடையுள்ள விறைத்த ஓடு, குதிகால் அசையாது. சுருங்கச் சொன்னால் ஏறுவதற்குரிய எல்லா வசதியையும் பறித்துக்கொண்டு நிறுத்துவதற்குரிய எல்லா வசதியையும் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டும் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை என்பதை ஆஸ்லோவின் ஹொல்மென்கோல்லனில் ஸ்கீ தாவுமேடையின் அடியில் இருக்கும் ஸ்கீ அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 1923-இல் திறக்கப்பட்ட அது, இவ்வகையில் உலகிலேயே மிகப் பழையது. தெலமார்க் பகுதியின் மோர்கெடால் என்ற சிற்றூரில் 1825-இல் பிறந்த சோந்ரே நூர்ஹெய்ம் என்ற ஏழைக் குடியானவர், முறுக்கிய மரவேரைக் குதிகாலைச் சுற்றிக் கட்டி, பலகை காலைவிட்டுக் கழலாமல் திரும்பவும் தாவவும் வழி செய்தார். ஸ்லாலோம் என்ற சொல்லே அப்பகுதியினுடையது: ‘ஸ்லா’ என்றால் சரிவு, ‘லோம்’ என்றால் தடம். ஒரு கிளை அந்தக் குதிகாலைச் சுதந்திரமாக விட்டது. 1888-இல் நார்வே ஆய்வுப்பயணி நான்சன் கிரீன்லாந்தைக் குறுக்காகக் கடந்தது அத்தகைய பலகைகளில்தான். இன்னொரு கிளை, செங்குத்தான ஆல்ப்ஸ் மலைகளுக்குப் போய்ச் சேர்ந்து, காலப்போக்கில் குதிகாலை முழுதாகப் பூட்டிவிட்டது. குளிர்கால ஒலிம்பிக்கில் நெடுந்தடப் பந்தயம் 1924-இல் முதல் போட்டியிலேயே இடம்பெற்றது. ஆல்பைன் என்று பெயர்பெற்ற சரிவுப் பந்தயம் 1936 வரை காத்திருந்தது.

காட்டுத் தடத்தின் நடத்தை விதியே என் வாதத்துக்குச் சாட்சி. எதிரெதிரே வரும்போது ஏறுகிறவர் இறங்குகிறவருக்கு வழிவிட வேண்டும். ஸ்லாலோம் சரிவில் அதற்கு மாறாக, மேலிருந்து வருகிறவர்தான் கீழே இருப்பவருக்குப் பொறுப்பு. கீழே இருப்பவர் திடீரென நின்றாலும் விழுந்தாலும் மேலிருப்பவர் சமாளித்தாக வேண்டும். முதல் விதி, இறங்குகிறவரால் நிற்க முடியாமல் போகலாம் என்பதை ஒப்புக்கொள்கிறது. இரண்டாவது விதி, அவரால் நிற்க முடிந்தே ஆக வேண்டும் என்கிறது. இந்த வேறுபாட்டை எனக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் என் கட்டைவிரல் பிழைத்திருக்கும்.

சொன்னவர் ஒருவர் உண்டு, ஆனால் விழுந்த பிறகுதான் அவரைச் சந்தித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் வந்து, அக்காலத்தில் பல ஈழத்தமிழர்களைப் போலவே வடகோடியில் ஃபின்மார்க் மீன் தொழிற்சாலையில் சில ஆண்டுகள் வேலை செய்து, பிறகு ஆஸ்லோவுக்கு வந்து குடியேறிய அண்ணன் ஒருவர். தமிழ்ப் பள்ளி விழாவில் என் கைக்கட்டைப் பார்த்துவிட்டு விசாரித்தார். கதையைக் கேட்டு முடித்ததும், “தம்பி, நீர் தலைகீழாத் தொடங்கியிருக்கிறீர். முதல்ல நிக்கப் பழகும், நடக்கிறது பிறகு தானா வரும். இஞ்ச இருக்கிற ஆக்களுக்கு நாலு வயசிலேயே நிக்கத் தெரியும், அதாலதான் நடக்கச் சொல்லினம்” என்றார். அவர் நாற்பத்திரண்டு வயதில் தம் பிள்ளைகளிடமிருந்து கற்றவர். ஆஸ்லோவில் யார் சொன்னதையும்விட அந்த ஒரு வாக்கியம் எனக்கு அதிகம் விளக்கியது. சக ஊழியர்களின் அறிவுரை பொய்யல்ல. அவர்கள் கற்ற வயது தங்களுக்கு நினைவில் இல்லாததால் தாங்கள் எதைக் கற்றோம் என்பதும் நினைவில் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது குளிர்காலத்தின் தொடக்கத்தில் ஸ்லாலோம் பள்ளியில் பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பில் சேர்ந்தேன். நான்கு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம். முதல் அரைமணி நேரம் பூட்ஸோடு மல்லுக்கட்டுவதில் போயிற்று. அந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு படியிறங்குவது, காலில் இரண்டு அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவதற்குச் சமம். ஒரே காலுறை போதும், இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் குளிர் கூடும் என்று பயிற்சியாளர் சொன்னார். பலகையோடு பூட்ஸைப் பூட்டும் பைண்டிங், விழும்போது தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். எந்த விசையில் கழல வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாக நீளம், திறன் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டு வைப்பார்கள். வாடகைக் கடையில் அந்தக் கேள்விகளைக் கேட்கையில் கூச்சப்பட்டு எடையைக் குறைத்தும், கௌரவத்துக்காகத் திறனைக் கூட்டியும் சொல்லும் ஆட்கள் உண்டு. திறனைக் கூட்டிச் சொன்னால் கழலவேண்டிய நேரத்தில் கழலாது. அதன் விலையைக் கால்தான் கொடுக்கும்.

முதல் இரண்டு நாட்களும் கோல்கள் கிடையாது. சிறுவர்களுக்கான நகரும் பட்டையில் நின்று இருபது மீட்டர் ஏறுவது, ஏர்வடிவில் பலகையை வைத்து இறங்குவது, நிற்பது. மறுபடி ஏறுவது, இறங்குவது, நிற்பது. பக்கத்தில் மூன்று வயதுக் குழந்தைகள் அழாமல் செய்துகொண்டிருந்தார்கள். இதில் எனக்குப் பிடிபட்ட நுட்பம், உடலின் இயல்பான அச்சத்தை எதிர்த்துச் செய்யவேண்டிய ஒன்று. சரிவைப் பார்த்ததும் உடல் பின்னால் சாயத்தான் விரும்பும். பின்னால் சாய்ந்தால் பலகையின் முன்பகுதி இலேசாகி, திசையும் போய், நிறுத்தமும் போய்விடும். கணுக்காலை மடித்து, கணைக்கால் எலும்பால் பூட்ஸின் முன்நாக்கை அழுத்திக்கொண்டு, சரிவை நோக்கிச் சாய்ந்தால் மட்டுமே எஃகு விளிம்பு வேலை செய்யும். கணைக்கால் எலும்பு என்று நான் சொல்வது முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் எலும்பை. எங்கள் ஊரில் அதற்கு வேறு பெயர் உண்டு, எழுத்தில் அது எடுபடாது. பள்ளத்தை நோக்கிச் சாய்வதே பள்ளத்தில் விழாமலிருக்க வழி என்று மூளைக்குப் புரிந்த பிறகும், உடலுக்குப் புரிய மூன்றாம் நாள் ஆயிற்று.

மூன்றாம் நாள் லிப்ட். நங்கூர வடிவக் கம்பி ஒன்று பின்னாலிருந்து வந்து இருவரைப் பிட்டத்தில் தாங்கி மேலே இழுக்கும். அதில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் கம்பிவடம் நீண்டு ஆளைத் தரையில் இறக்கிவிடும். சாய்ந்து நிற்க வேண்டும். நான் உட்கார்ந்தேன். நான் மட்டுமா, உடன்வந்தவரும் என்னால் விழுந்தார். மேலே போய்ச் சேர்ந்ததும் சரிவுகளுக்கு நிறங்கள்: பச்சை எளிது, நீலம் அதற்கடுத்தது, பிறகு சிவப்பு, கறுப்பு. நான்காம் நாள் முடிவில் பச்சைச் சரிவு முழுவதையும் விழாமல், விரும்பிய இடத்தில் நின்று நின்று, வளைந்து இறங்கினேன். ஆறு மணி நேரப் பயிற்சியில் இவ்வளவு முன்னேற்றம் லாங்ரென்னில் கனவிலும் நடக்காது. அங்கே ஏரியைச் சுற்றிய நான்கு வாரத்தில் நான் அடைந்தது பின்னால் வழுக்குவது சற்றுக் குறைந்தது மட்டுமே.

இதனால் ஸ்லாலோம் ஆபத்தில்லாதது என்று சொல்லவரவில்லை. வேகம் கூடினால் விழுச்சியின் கடுமையும் கூடும். பைண்டிங்குகள் கால் எலும்பை முன்னைவிட நன்றாகக் காக்கின்றன. முழங்காலின் உட்தசைநாரை அப்படிக் காப்பதில்லை. பின்பக்கமாக உட்கார்ந்தபடி விழுந்துகொண்டிருக்கும்போது எழ முயல்வது அந்தத் தசைநாருக்குப் பெரும் பகை. விழத்தொடங்கினால் விழுந்துவிடுவதே நல்லது என்று பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் பச்சைச் சரிவில், ஏர்வடிவில், நிற்கத் தெரிந்து பழகும் பெரியவருக்குள்ள ஆபத்து, நிற்கத் தெரியாமல் உறைந்த காட்டு இறக்கத்தில் விடப்பட்டவருக்குள்ள ஆபத்தைவிடக் குறைவு என்பதே என் அனுபவம். நீண்டகால முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் மட்டமான தடங்களில், போகஸ்தாத் கோல்ஃப் மைதானம் போன்ற இடங்களில், லாங்ரென்னோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை. அதில் ஒரு குறையும் இல்லை.

பிப்ரவரியில் மறுபடி காட்டுக்குப் போனேன். அதே இரவல் பலகை, அதே ஆட்டுரோமப் பட்டை. ஸ்லாலோமில் கற்றது அப்படியே இடம்பெயர்ந்து வரவில்லை; குதிகால் பூட்டில்லாமல் முன்னால் சாய்ந்தால் மூக்கால்தான் விழவேண்டும். எடையைச் சற்றுப் பின்னே, பாதத்தின் நடுவில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் வந்து சேர்ந்தவை இரண்டு. ஒன்று, எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு முழுதாக மாற்றும் துணிச்சல். ஏரியைச் சுற்றிய காலத்தில் கிடைக்காத அந்த உந்தல் திடீரென்று கிடைத்தது, பலகையின் வில் காலடியில் அழுந்திப் பனியைப் பற்றுவதை முதன்முறையாக உணர்ந்தேன். இரண்டு, இறக்கத்தைக் கண்டதும் அதற்கு முன்பே தடத்திலிருந்து ஒரு பலகையை வெளியே எடுத்துச் சாய்த்து வைக்கும் பழக்கம். ஒரு பலகை பள்ளத்தில் ஓட, மற்றது அரை ஏராகப் பனியைச் சுரண்டும். இது லாங்ரென்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். வேகம் வந்த பிறகு செய்ய முடியாது, வருவதற்கு முன்பே செய்ய வேண்டும். அதுவும் தாங்காவிட்டால் ஓரத்து மென்பனியில் பக்கவாட்டாக உட்கார்ந்துவிடலாம். அதற்கும் ஒரு மானக்கேடும் இல்லை.

இப்போது ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்டால் நான் சொல்வது இதுதான்: நான்கு நாள் ஸ்லாலோம் வகுப்புக்குப் பணம் செலவழியுங்கள், பிறகு வாழ்நாள் முழுவதும் காட்டில் இலவசமாகப் போங்கள். ஒரே ஒரு வாரம் விடுமுறைக்கு மலைக்குப் போகிறவர்கள் இரண்டாவது பாதியை மறந்துவிடலாம்; ஒரு வாரத்தில் பலன் தருவது சரிவு மட்டுமே. பிள்ளைகளுக்கு இந்த வரிசை எதுவும் வேண்டாம். அவர்கள் எதில் விட்டாலும் இரண்டையும் கற்றுக்கொள்கிறார்கள். மலையில் போகும் எஃகு விளிம்புள்ள அகலப் பலகை வாங்கினால் இரண்டு வேலையும் ஒன்றிலேயே முடியாதா என்று கேட்பவர்களும் உண்டு. நானும் கேட்டேன். அது தடமில்லாத உயர்மலைக்கு அருமையானது. இயந்திரம் போட்ட தடத்தில் கனமாகவும், சில நேரம் பள்ளத்துக்குள் பொருந்தாமலும் இருக்கும்.

எனக்கு எது பிடித்தது என்பது வேறு கேள்வி. சரிவில் இறங்கும்போது மகிழ்ச்சி ஒரு நிமிடம், பிறகு பத்து நிமிடம் லிப்டில் குளிரில் காத்திருக்க வேண்டும். காட்டில் மகிழ்ச்சி அவ்வளவு கூர்மையாக வருவதில்லை; மூன்று மணி நேரம் கழித்து, உள்ளாடைக் கம்பளி வியர்வையில் நனைந்து, ஸ்ப்ரூஸ் மரங்களிலிருந்து பனி உதிரும் ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்காத இடத்தில் நின்று, 1937-இலிருந்து இந்நாட்டார் மலைக்குக் கொண்டுபோகும் க்விக் லுன்ஷ் சாக்லேட்டை உடைத்து வாயில் போடும்போது, அந்த மகிழ்ச்சி மெல்ல வந்து சேர்ந்திருப்பது தெரியும். சரிவுக்கு இப்போது ஆண்டுக்கு இரண்டு முறைதான் போகிறேன், அதுவும் மகள் இழுத்துக்கொண்டு போவதால். அவள் சிவப்புச் சரிவில் இறங்குகிறாள். நான் நீலத்தில் நின்றுவிட்டேன்.

உல்லவோல்சேத்தரிலிருந்து சோங்ஸ்வானுக்கு இறங்கும் வழியை இந்த ஜனவரியில் எட்டாவது முறையாகக் கடந்தேன். முதல் இறக்கம், இரண்டாவது இறக்கம், பாலத்தை ஒட்டிய நீண்ட சாய்வு எல்லாவற்றையும் அரை ஏரில் சமாளிக்கிறேன். கட்டைவிரல் வீங்கிய அந்த ஒரு வளைவில் மட்டும், தடம் உறைந்திருந்தால், இன்னமும் பலகைகளைக் கழற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு, பிறர் போட்ட தடத்தில் பூட்ஸ் குழி விழாதபடி ஓரமாக நடந்து இறங்குகிறேன்.